மணலில் அமைந்த அவை



பத்தாண்டு நிறைவு விழாவில் ‘நெய்தலும் நாமும்’ என்னும் பொருளில் பேசப் பணித்தீர்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பர் இலக்கணிகள். ஆயினும் கூடியிருந்தவர்க்கே பிரிவும் இரங்கலும் உண்டு. அந்தக் கூடியிருத்தலைப் பற்றியே இன்று சிறிது பேச விழைகிறேன்.

நற்றிணையின் 172ஆம் பாடலை அறிவீர்கள். தோழியரோடு விளையாடிய சிறுமி புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்தி மறந்துவிடுகிறாள். அது முளைக்கிறது, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்கிறாள் அன்னை. அதனால் பின்னாளில் அதன் நிழலில் தலைவனோடு சிரித்துப் பேசவும் நாணம் தோன்றுகிறது. உறவு வளர்க்கவென்று அங்கே எவரும் கூடவில்லை. விளையாடக் கூடினார்கள், உறவு தானே முளைத்தது.

நம் வட்டத்திலும் அப்படியொரு விதை விழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு முழுநிலா நாளில் அரங்கு கிடைக்காமற்போகவே, அரியமான் கடற்கரைக்குச் சென்றோம். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோறும் துவையலும்தான் விருந்து. ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. சவுக்குத் தோப்பின் ஓரம் மணலில் வட்டமாக அமர்ந்தோம்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்து செல்பவர். ஒருநாளும் கவிதை படித்ததில்லை. வட்டத்தில் கடைசி வரிசை ஏது? அன்று அவர் முறை வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியில் தம் தமக்கையை இழந்தபோது தமக்கு ஏழு வயது என்றார். பல்லாண்டு மனத்திலேயே வைத்திருந்த கவிதையை ஏடின்றிச் சொன்னார். எவரும் கைதட்டவில்லை. அலையோசை மட்டும் கேட்டது. பக்கத்திலிருந்த அம்மையார் தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினார். அடுத்த மாதம் அவர் அரங்கின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்! அவர் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன்.

இது புதுமையன்று. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்தார். குற்றாலத்திற்குக் குடிபெயர்ந்தபின் அருவிச் சாரலிலும் அவ்வின்பம் தொடர்ந்தது. இராஜாஜியும் கல்கியும் அங்கே சுவைஞர்களாகவே அமர்ந்தனர்.

நம் கடலுக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. குடிநீரும் குடியிருப்பும் இல்லாத கச்சத்தீவில், அந்தோணியார் திருவிழாவில் இருகரைத் தமிழ் மீனவர்கள் ஓரிரவு ஒரே மணலில் தங்குவர். 1974 ஒப்பந்தத்திற்குப் பின்னும் அவ்வழக்கம் நின்றது. போர்க்காலத்தில் தடைப்பட்டு, 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டது. மீனவர்க்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையைக் கண்டித்து 2024இல் இராமேசுவரத்தார் விழாவைப் புறக்கணித்தனர். அவர்தம் வேதனை நியாயமானதே. ஓரிரவுக் கூடல் வலைச் சிக்கலைத் தீர்க்காது என்பதும் உண்மை. ஆயினும் உடன் அமர்ந்து உண்டவன் முகம் நினைவில் நிற்கும். அம்முகம் மறந்துபோனால் எஞ்சுவது படகின் பதிவெண் மட்டுமே.

ஆதலின் ஒரு வேண்டுகோள். அன்று ஒருநாளோடு நாம் நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் பத்தாண்டில் மூன்று மாதத்திற்கு ஒரு நிலாநாளேனும் மணலில் கூடுவோம். பொன்னாடை வேண்டா, புகைப்படமும் வேண்டா. உண்ட இலையை உடன் எடுத்து வருவோம். ஒன்றை மறவாதிருப்போம்: நமக்குக் காற்று வாங்கும் இடமான கரை, பாசி எடுக்கும் பெண்களுக்கும் வலை செப்பனிடுவோர்க்கும் தொழிற்களம். அவர்களைக் கேட்டு அமர்வோம். இசைந்தால் வட்டத்தை விரித்து இடம் தருவோம். அவர்கள் பேசினால் கவிஞர்கள் சற்றே கேட்டிருப்போம்.

கடைசி வரிசையில் இன்னும் எத்தனை பேர் சொல்லாத கவிதையோடு அமர்ந்திருக்கிறார்களோ, அறியேன். அவர்களுக்காகவேனும் ஒருமுறை மேடையைவிட்டு இறங்குவோம்.