காவலின் இரு பாதிகள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினி இயங்குதளத்தின் நடுக்கருவைக் 'கெர்னல்' என்பர். நினைவகத்தில் எவர் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என வரையறுக்கும் காவலன் அதுவே. காவலனே கண்ணயர்ந்தால் வீடு என்னாகும்?

லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் அத்தகைய குறையொன்று இருந்தது. படிக்க மட்டும் உரிமையுள்ளவர் எழுத முற்பட்டால், கெர்னல் அவருக்கெனத் தனிப் பிரதி எடுத்துத் தரும். அக்கணத்தில் வேறொரு கட்டளை குறுக்கிட்டுப் பிரதியை அகற்றிவிட்டால், எழுத்து மூலத்திலேயே விழுந்துவிடும். எளிய பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழியாயிற்று.

'டர்ட்டி கௌ' எனப் பெயர் பெற்ற இக்குறையை 2016 அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தினார். 11 ஆண்டுகளுக்கு முன்பே தாம் செய்த திருத்தம் செம்மையாக அமையாமல், பின்னர் நீக்கப்பட்டதையும் அத்திருத்தக் குறிப்பிலேயே மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் அது காவலின் முற்பாதியே. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இயங்குவது லினக்ஸ் கெர்னலே. ஊர் விட்டு வந்த நாம் பெற்றோர்க்குப் பணம் அனுப்புவதும் இன்று கைப்பேசி வழியே அன்றோ? வந்த திருத்தத்தை 'நாளை பார்ப்போம்' என ஒதுக்கினால், அடைத்த ஓட்டை நம் வீட்டில் மட்டும் திறந்தே கிடக்கும். பிற்பாதி நம் கையில் உள்ளது, இன்றே செய்வோம்.