திறப்பு விழா முடிஞ்சிருச்சு, சாவி யார்கிட்ட?

(தகவல் தொழில்நுட்ப அணியின் வார்டு பொறுப்பாளர்கள் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொதுக் கழிப்பறை பத்திப் பேசப் போறேன்னதும் பின் வரிசையில சிரிப்பு கேட்டுச்சு. பரவாயில்ல. ஒரே ஒரு கேள்வி. உங்க வார்டுல இருக்கிற பொதுக் கழிப்பறையை எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க, எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க, சாவி யார்கிட்ட இருக்கு? பதில் தெரிஞ்சவங்க மட்டும் சிரிக்கலாம்.

நம்ம பதிவுகள்ல கழிப்பறை எப்போ வருது? ஒண்ணு, திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டுற போட்டோ. இல்லேன்னா, எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வார்டுல நாறிக் கிடக்கிற கட்டடத்தோட வீடியோ, மேல ஒரு வடிவேலு மீம். ரெண்டுக்கும் லைக் அள்ளும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மாசங்கள்ல அந்தக் கட்டடத்துக்கு என்ன ஆச்சுன்னுதான் யாரும் பார்க்கிறதில்ல. கட்டடம் கெடுறது அந்த மாசங்கள்லதான்.

படிச்சது இன்ஜினியரிங், அதனால கணக்காவே சொல்லிடுறேன். ஒரு பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்கு நாளைக்கு 300 பேர் வர்றாங்கன்னு வச்சுக்கோங்க. ஆளுக்கு 5 லிட்டர்னு கஞ்சத்தனமா போட்டாலே 1,500 லிட்டர் தண்ணி வேணும். மேல நிக்கிறது 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. காலையில ஒரு தடவை மோட்டார் போட்டா சாயங்காலத்துக்கு முன்னாடியே காலி. இன்னொரு தடவை போட ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேணும். கரண்ட் பில், பினாயில், உடைஞ்ச குழாய், காணாமப் போன மக்கு, பல்பு. இதுல ஒண்ணு நின்னாலும் சில நாள்ல நாத்தம், அப்புறம் பூட்டு. பூட்டின பிறகு ஜனங்க சுவரோரமா ஒதுங்குறாங்க. உடனே நாம என்ன சொல்றோம்? "நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம் இல்லப்பா." பழக்கமெல்லாம் இருக்கு. குழாயில தண்ணிதான் இல்ல.

இதைச் சரியா செஞ்சு காட்டின ஊரு நம்ம திருச்சி. அங்க குடிசைப் பகுதிகள்ல இருந்த சமுதாயக் கழிப்பறைகளோட நிர்வாகத்தை, கிராமாலயாங்கிற தொண்டு நிறுவனத்தோட துணையோட அந்தந்தப் பகுதி பெண்கள் குழுக்களே எடுத்துக்கிட்டாங்க. முறை வச்சு வாசல்ல உக்காந்து டோக்கன் கொடுப்பாங்க, ஆளுக்குச் சில்லறைக் காசு வாங்குவாங்க, வரவு செலவை நோட்டுல எழுதுவாங்க. அந்தக் காசுலயே சுத்தம், ரிப்பேர் எல்லாம் நடந்துச்சு. 2002-ல திருச்சி கல்மந்தை, திறந்தவெளியில மலம் கழிக்காத குடிசைப் பகுதின்னு அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல்னு சொல்வாங்க. தூய்மை இந்தியா திட்டம் வந்ததே 2014-லதான், அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி இது. அந்தப் பெண்கள் ஒண்ணும் பெரிய டெக்னாலஜி கொண்டு வரல. சாவி யாருகிட்ட இருக்கணும்ங்கிறதைத்தான் மாத்தினாங்க.

இப்ப பெண்கள் விஷயம். சமுதாயக் கழிப்பறைன்னா 35 ஆண்களுக்கு ஒண்ணு, 25 பெண்களுக்கு ஒண்ணுன்னு தூய்மை இந்தியா நகர்ப்புற வழிகாட்டுதல்லயே இருக்கு. பெண்களுக்குக் கூடுதலா வேணும்னு அரசாங்கமே எழுதி வச்சிருக்கு. ஆனா கட்டும்போது நடுவுல ஒரு சுவர் வச்சு ஆளுக்குப் பாதின்னு பிரிச்சிடுறோம். பார்க்க நியாயமாத்தான் தெரியும். ஆண்கள் பக்கம் கக்கூஸ் போக வரிசையா யூரினல் வேற வந்துடும். அதே அளவு இடத்துல பெண்களுக்குக் கிடைக்கிறது குறைவு, ஆகுற நேரமோ அதிகம். சேலை, கையில குழந்தை, மாதவிடாய் நாள்னா நாப்கின் மாத்தணும், அதைப் போட ஒரு கூடை வேணும்.

பூ விக்கிற அக்கா, ஜவுளிக்கடையில நிக்கிற தங்கச்சி, சிக்னல்ல டூட்டி பார்க்கிற பெண் காவலர், இவங்கள்ல யாரையாவது கேட்டுப் பாருங்க. தண்ணி குடிச்சா போக வேண்டி வருமேன்னு வெயில்லயும் குடிக்காம இருப்பாங்க. அடக்கி வச்சு அடக்கி வச்சு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. அவ்வளவு ஏன், நம்ம பொதுக்கூட்டத்துக்கு மதியமே வேன்ல வந்து ராத்திரி பத்து மணி வரை உக்காந்திருக்கிற மகளிரணி அம்மாக்கள்? மேடைக்கு எல்இடி திரை வாடகைக்கு எடுக்கிறோம். அவங்களுக்கு ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி எடுக்கிறோமா? மாவட்ட நிர்வாகிகள் கோவிச்சுக்கக் கூடாது, கேட்டுத்தான் ஆகணும்.

கழிப்பறை சுத்தமா இருக்கணும்னு கேட்கிற நாம, சுத்தம் பண்றது யாருன்னும் பார்க்கணும். மனிதக் கழிவை மனுஷன் கையால அள்ள வைக்கிறதையும், பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்க்ல இறக்குறதையும் 2013 சட்டம் தடை பண்ணுது. சாக்கடையில இறங்கிச் செத்தா குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடுன்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு. தொட்டி நிறைஞ்சா 14420-க்கு போன் பண்ணி லாரியை வரச் சொல்லுங்க. "ஐந்நூறு ரூபா கொடுத்தா இறங்குவான்"னு நம்ம ஆளு யாராவது சொன்னா அங்கேயே தடுங்க.

சரி, வேலைக்கு வருவோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில ஏழு மணிக்கு உங்க வார்டு கழிப்பறைக்கு நேர்ல போங்க. தண்ணி, விளக்கு, உள் தாழ்ப்பாள் இருக்கா, சக்கர நாற்காலி ஏற சாய்தளம் இருக்கான்னு பாருங்க. எந்தக் கட்சி கவுன்சிலரா இருந்தாலும், நம்மவரா இருந்தாலும், பார்த்ததை அப்படியே எழுதுங்க. பராமரிப்பு ஒப்பந்தம் யாருக்கு, மாசம் எவ்வளவு, நாளைக்கு எத்தனை தடவை கழுவணும்னு போட்டிருக்குங்கிறதை ஆர்டிஐ-ல கேளுங்க. பத்து ரூபாய்தான் கட்டணம், 30 நாள்ல பதில் தந்தாகணும். அந்தப் பேப்பரோட ஏரியா சபைக்குப் போங்க. கிராமத்துல இருக்கிறவங்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை இருக்கு. வாயால சொல்லிட்டு வராம தீர்மானமா எழுத வைங்க.

போட்டோ எடுக்கும்போது உள்ள யாரும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. பெண்கள் பக்கத்துக்கு மகளிரணித் தோழிகள் மட்டும் போகட்டும். சுத்தம் பண்ற அக்கா, அண்ணன் முகத்தைப் போடாதீங்க, அவங்க வேலைக்கு ஆபத்து வரும். திங்கட்கிழமை ராத்திரிக்குள்ள வார்டு எண்ணோட குரூப்புக்கு அனுப்பிடுங்க.



#சாவி_யார்கிட்ட