தண்ணீரைச் சோதிப்பது யார்?



தண்ணீர் கலங்கியிருந்தால் கண் சொல்லும். உப்புக் கரித்தால் நாக்குச் சொல்லும். கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத ஒரு நஞ்சைப் பற்றி இன்று பேசுகிறோம்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில், ஒஹையோ நதிக்கரையில், பார்க்கர்ஸ்பர்க் நகருக்கருகே டூபாண்ட் கம்பெனியின் ஆலை இருந்தது. டெஃப்லான் தயாரிப்புக்காக 1951 முதல் அங்கே 'சி-8' என்ற புளோரின் ரசாயனத்தை உபயோகித்தார்கள். அது மக்காது, தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது, உடம்பில் புகுந்தால் வருஷக்கணக்கில் தங்கும்.

1984-ல் கம்பெனியே சுற்றுவட்டாரக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தது. சி-8 இருந்தது. அந்த முடிவு எங்கே போயிற்று? கோப்புக்குள் போயிற்று! ஜனங்கள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். மாடுகளைப் பறிகொடுத்த ஒரு விவசாயி 1999-ல் வழக்குத் தொடுத்த பிறகுதான் கோப்புகள் வெளிவந்தன. 2005-06-ல் சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களுக்கும் சி-8-க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-ல் விஞ்ஞானிகள் குழு கூறியது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

கால் லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் பிடிப்பவரின் மழைக்கோட்டில் இந்த இன ரசாயனம் இருந்தாலே முடிவு கெட்டுவிடும். ஆகவே சுத்தமான தண்ணீர் கொண்ட புட்டி ஒன்றையும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, அதையும் சோதிக்கிறார்கள். பிறகு சோதனைச்சாலையில் ரசாயனத்தை வடித்துச் செறிவாக்கி, யந்திரத்தில் பிரித்து, மூலக்கூறின் எடையைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள்.

2024 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் சி-8-க்கு விதித்த வரம்பு, லட்சம் கோடிப் பங்கில் 4 பங்கு. இவ்வளவு நுட்பமாக அளக்கும் யந்திரத்தை எந்தக் குடும்பம் வாங்க முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்நாட்டு சர்க்காரின் இரண்டு குடிநீர்ச் சோதனை முறைகளும் சேர்ந்து 29 ரசாயனங்களைத்தான் தேடுகின்றன. இந்த இனத்திலோ ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே 'ஒன்றுமில்லை' என்று சீட்டு வந்தால், 'எதைத் தேடினீர்கள்? எந்த அளவு வரை தேடினீர்கள்?' என்று கேட்க வேண்டும்.

விஞ்ஞானம் 1984-லேயே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது. அது ஆலைக்காரன் பெட்டியில் பூட்டிக் கிடந்ததுதான் கேடு. எனவே நாம் கேட்பது இதுதான்: சோதனைச்சாலை பொதுவாக இருக்கட்டும்! சோதனைச் செலவை நஞ்சைக் கலந்தவன் கொடுக்கட்டும்! முடிவு, தண்ணீர் குடிக்கும் ஜனங்களின் கைக்கு முதலில் வரட்டும்!