கரடி தீர்மானிக்கும் தூரம்



அலாஸ்காவின் தென்மேற்குக் கரையில் மெக்நீல் என்றொரு ஆறு கடலில் சேர்கிறது. ஆங்கரேஜ் நகரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவு. சாலை கிடையாது. ஹோமர் என்ற ஊரிலிருந்து, தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில் போக வேண்டும். கடல் ஏறி நிற்கும் வேளை பார்த்துத்தான் அந்த விமானமும் கரையை நெருங்கும். கழிமுகத்துக்குச் சற்று மேலே ஆறு பாறைப் படிகளில் நுரைத்து அருவியாக இறங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சம் வகைச் சால்மன் மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு வரும்போது அந்தப் படிகளுக்குக் கீழே திணறித் தேங்குகின்றன. அவற்றைத் தின்னப் பழுப்புக் கரடிகள் கூடுகின்றன. ஒரே கோடையில் 144 கரடிகளை அங்கே தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் 74 கரடிகள் வரை கண்ணில் பட்டதுண்டு. தன் இனத்தைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் விலங்கு, வயிற்றுக்காகப் பக்கத்தில் இன்னொன்று நிற்பதைப் பொறுத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து புகைப்படக் கலைஞர்கள் வர ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு நாளைக்கு 10 பேருக்குமேல் அருவிக்குப் போக முடியாது. அந்தப் பத்துப் பேரும் குலுக்கலில் பெயர் வந்தவர்கள். வழிகாட்டி இல்லாமல் அவர்களும் ஓர் அடி நகர முடியாது. சிறு குழுவாக, வழிகாட்டியின் பின்னால் போய்க் காட்டுயிர்களைப் படமெடுக்கும் இந்தப் பழக்கத்தை ஒரு கலையாக மதிப்பிட்டுப் பேசுவதற்கே இன்று வந்திருக்கிறேன். இந்தக் கலையில் நாம் பாராட்டும் படங்களுக்குச் சொந்தக்காரர் கேமராவைப் பிடித்தவர் மட்டுமல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். சிசில் ரோட் என்ற அலாஸ்காப் படக்கலைஞர் மெக்நீலில் எடுத்த படங்கள் 1954இல் நேஷனல் ஜியோகிரஃபிக் இதழில் வந்தன. அந்த இடம் வெளியுலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே அங்கே வேட்டை தடை செய்யப்பட்டது. 1967இல் அலாஸ்கா சட்டமன்றம் அதைக் காப்பிடமாக அறிவித்தது. ஆக, கேமராதான் அந்தக் கரடிகளைத் துப்பாக்கியிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அதே கேமராதான் அடுத்த ஆபத்தையும் கொண்டுவந்தது. படம் பார்த்தவர்கள் கூட்டமாக வந்து, அருவியின் இரு கரைகளிலும் நினைத்த இடத்தில் நின்றார்கள், நினைத்த நேரத்தில் வந்தார்கள், போனார்கள். கரடிகள் அருவியை விட்டு விலகத் தொடங்கின. மீன் இருந்தும் வரவில்லை. 1973இல் அனுமதிச்சீட்டு முறை வந்தது: நாளுக்கு இத்தனை பேர், ஒரே பாதை, ஒரே இடம், கூடவே ஒரு காவலர்.

அதற்குப் பிறகு கரடிகள் திரும்பின. எண்ணிக்கை முன்பைவிடப் பெருகியது. அனுமதி முறை தொடங்கியதிலிருந்து அங்கே கரடியால் ஒரு மனிதரும் காயப்படவில்லை. தற்காப்புக்காக ஒரு கரடியும் கொல்லப்படவில்லை. கோடைக்கடைசியில் சில ஆண் கரடிகளின் எடை 450 கிலோவைத் தாண்டும். அவற்றுக்குச் சில அடி தூரத்தில் மனிதர்கள் நின்று படமெடுத்த அரை நூற்றாண்டின் கணக்கு இது. காட்டுயிர்ப் புகைப்படக்கலை பெருமைப்படக்கூடிய சாதனை ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். எந்தப் பரிசுப் படத்தையும் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

இது எப்படி முடிந்தது? 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்த லாரி ஆமில்லர் என்பவரும் அவருடைய சகாக்களும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வித்தை அது. கரடிக்கு மனிதன் பகையும் அல்ல, இரையும் அல்ல, இரை தருபவனும் அல்ல. ஆற்றங்கரையில் தினமும் வந்து நின்றுவிட்டுப் போகும் ஏதோ ஒன்று. கரடி மனத்தில் இந்த எண்ணம் பதிய வேண்டும். அதற்கு மனிதர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நேற்று வந்த பத்துப் பேரும் இன்று வந்த பத்துப் பேரும் கரடியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். புது ஆட்கள் சில நாள்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இதைச் சாதிக்க வழிகாட்டி ஒருவரால்தான் முடியும். கச்சேரியில் தம்புராவை யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் பாடகரின் சுருதி முழுவதும் அதில்தான் நிற்கிறது. வழிகாட்டியின் வேலை அப்படிப்பட்டது.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முகாமில் அவரவர் கூடாரம் அவரவரே கொண்டுவந்தது. சோறு, ரொட்டி, பற்பசை வரை வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் போகக் கூடாது; சமையலுக்கென்று இருக்கும் மரக்குடிலில்தான் எல்லாம். ஒரு கரடிக்கு ஒரே ஒரு முறை மனித உணவு கிடைத்துவிட்டால் போதும், ஐம்பது ஆண்டு உழைப்பு ஆட்டங்கண்டுவிடும். காலையில் எல்லோரும் சேர்ந்து கிளம்புகிறார்கள். இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுநிலத்தையும் கழியையும் கடந்து மூன்று கிலோமீட்டருக்குமேல் நடை. முன்னால் போகும் வழிகாட்டியிடம் துப்பாக்கி இருக்கும். எதிரே கரடி வந்தால் குழு ஒன்றாக நிற்கும். ஒருவரும் பிரிந்து போவதில்லை, ஓடுவதில்லை. வழிகாட்டி அமைதியான குரலில் கரடியிடம் பேசுவார். வழி யாருடையது என்பதை இருவரும் தீர்த்துக்கொண்ட பிறகு நடை தொடரும். அருவிக்கருகே சரளை பரப்பிய சிறு திட்டு. மணிக்கணக்கில் அங்கேதான் நிற்க வேண்டும். மழையோ, கொசுவோ, இடம்விட்டு இடம் மாற முடியாது.

இப்போது தூரத்தைப் பற்றி. மனிதர்கள் கரடியை நெருங்குவதில்லை. திட்டில் நிற்பவர்கள் நின்றபடி நிற்க, நெருங்குவதா விலகுவதா என்று கரடிதான் தீர்மானிக்கிறது. பல கரடிகள் தூரத்திலேயே இருக்கும். சில கரடிகள் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்து மீன் தின்னும். பெரிய ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றுவிடும் என்று அஞ்சும் தாய், மனிதர்கள் நிற்கும் பக்கமாக வந்து குட்டிகளுக்குப் பால் கொடுப்பதும் உண்டு. ஆண் கரடிகளைவிட இவர்கள் பரவாயில்லை என்று அந்தத் தாய் கணக்குப் போட்டிருக்கிறது! அந்தக் கணக்கைப் பொய்யாக்காமல் இருப்பதே அங்கே நிற்கும் ஒவ்வொருவரின் கடமை.

இனிப் படத்துக்கு வருகிறேன். அருவியில் படமெடுப்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். கரடி எங்கும் போகப்போவதில்லையே என்று நினைப்போம். கரும்பழுப்பு ரோமம், வெள்ளை நுரை, மேலே சாம்பல் வானம். இந்த மூன்றையும் ஒரே படத்தில் சரியாகக் கொண்டுவருவது கடினம். நுரைக்கு ஒளியை அளந்தால் கரடி கரிக்கட்டையாகும்; கரடிக்கு அளந்தால் நுரை வெளுத்துப்போகும். மீன் துள்ளுவது நொடியில் ஒரு சிறு பங்கு. அதைப் பார்த்துவிட்டு விரல் அழுத்தினால் வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். அதனால் மீனைப் பார்க்காமல் கரடியைப் பார்க்கக் கற்க வேண்டும். ஒவ்வொரு கரடிக்கும் ஒரு மீன்பிடி முறை உண்டு. ஒன்று பாறை விளிம்பில் அசையாமல் நிற்கும். ஒன்று முகத்தை நீருக்குள் புதைத்துத் தேடும். ஒன்று பாய்ந்து இரு கைகளாலும் அமுக்கும். ஒன்று எதையும் பிடிக்காமல் பிறர் பிடித்ததைப் பறிக்கும். மீன் மிகுதியாக வரும் நாள்களில் வயிறு நிறைந்த கரடி தோலையும் மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைக் கடற்காக்கைகளுக்கு விட்டுவிடும். இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்பது தெரியும். பல கோடைகள் அந்தக் கரடிகளைப் பார்த்த வழிகாட்டி, எது பறிக்கும், எது பாயும் என்று காதருகே சொல்கிறார். அந்தப் படத்தில் அவருக்கும் பங்குண்டு.

கரடிப் படங்களில் மிகப் புகழ்பெற்றது தாமஸ் மாங்கல்சன் 1988இல் எடுத்தது. மெக்நீலுக்கு அருகிலுள்ள கட்மாய் தேசியப் பூங்காவில், புரூக்ஸ் அருவியில். துள்ளிய சால்மன் நேராகக் கரடியின் திறந்த வாய்க்குள் போகும் கணம். அருவி விளிம்பைக் குறிவைத்து அவர் காத்திருந்தார். அந்தக் கணம் சிக்கியது என்பது படச்சுருளைக் கழுவிய பிறகே அவருக்குத் தெரிந்தது. இன்று புரூக்ஸில் மரமேடைகள் இருக்கின்றன. அருவி மேடையில் ஒரு நேரத்தில் 40 பேர் நிற்கலாம். ஒழுங்காகத்தான் நடத்துகிறார்கள். நாம் வீட்டிலிருந்தே பார்க்க நேரலைக் கேமராவும் உண்டு. ஆனாலும் நாற்பது பேர் முறைவைத்து மேடையேறும் இடத்தில் ஒருவர் ஒரு கரடியோடு ஒரு பகல் முழுவதும் இருக்க முடியாது. மெக்நீலில் அது முடிகிறது. எண்ணிக்கை சிறியதாக இருப்பதைப் பலர் வசதி என்று நினைக்கிறார்கள். கலைக்கே அது அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

எல்லா வடதிசைப் பயணங்களும் இப்படி இல்லை. சில இடங்களில் வழிகாட்டிகள் செத்த விலங்கின் இறைச்சியைப் போட்டு, அதன் முன்னால் மறைகுடில் கட்டி, உள்ளே படக்காரர்களை உட்காரவைக்கிறார்கள். பனி ஆந்தையைக் கூப்பிட உயிருள்ள எலியை விடுபவர்களும் உண்டு. படம் பிரமாதமாக வரும். இறக்கை விரித்து ஆந்தை நேராகக் கேமராவை நோக்கி வரும். அதை நான் காட்டுயிர்ப் படம் என்று ஏற்க மாட்டேன். விலங்கு தன் வேலையைச் செய்யும்போது எடுத்த படம் வேறு, நாம் கொடுத்த கூலிக்கு அது வேலை செய்யும்போது எடுத்த படம் வேறு.

ஹோஷினோ மிச்சியோவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஜப்பானில் பிறந்து, அலாஸ்காவைத் தன் ஊராக்கிக்கொண்டு, கரடிகளையும் காட்டுக் கலைமான்களையும் அவ்வளவு பரிவோடு படமாக்கியவர். 1996இல் ரஷ்யாவின் கம்சாட்காவில், குரில் ஏரிக்கரையில், அவருடைய கூடாரத்துக்குள் வந்த பழுப்புக் கரடியால் கொல்லப்பட்டார். அந்தக் கரடி ஏற்கெனவே மனிதர் தந்த உணவைத் தின்று பழகியது என்று பின்னர் எழுதப்பட்டது. கரடிகளை அவரைப்போல அறிந்தவர்கள் குறைவு. யாரோ ஒருவர் போட்ட உணவு, வேறு யாரோ ஒருவரின் உயிரைக் கேட்கிறது. மெக்நீல் சமையற்குடிலின் கண்டிப்பு எதற்கென்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பயணமுறைக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு. மனிதனைக் கண்டு அஞ்சாத கரடி, காப்பிட எல்லையைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? எல்லைக்கு வெளியே துப்பாக்கியோடு நிற்பவனையும் அது ஆற்றங்கரை மனிதன் என்றுதானே நினைக்கும்? பக்கத்து நிலங்களில் கரடி வேட்டைக்கு இடங்கொடுக்கும் முடிவு எழுந்தபோது ஆமில்லர் 2005இல் பணியை விட்டு விலகினார். கரடிகளிடம் நம்பிக்கையை வளர்த்துவிட்டு அந்த நம்பிக்கையையே கொலைக்கு வழியாக்குவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. எதிர்ப்பு வலுத்து, அந்த முடிவு பின்னர் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு, காப்பிடத்துக்கு வடக்கே கடற்கரையில் பெப்பிள் சுரங்கத் திட்டத்துக்காகத் துறைமுகமும் சாலையும் அமைக்கும் யோசனை வந்தது. 2020 நவம்பரில் அந்தச் சுரங்கத் திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது; 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் குறுக்கே நின்றது. படமெடுத்துத் திரும்பியவர்கள் இத்தகைய நேரங்களில் குரல் கொடுக்கிறார்களா என்பதையும் இந்தக் கலையின் மதிப்பீட்டில் நான் சேர்த்துக்கொள்கிறேன். கரடியிடம் பெற்ற நம்பிக்கைக்கு வேறு எந்த விதத்திலும் நன்றி செலுத்த முடியாது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குலுக்கலில் பெயர் விழுந்தாலும் விமானக் கட்டணம், லென்ஸ், குளிருக்கும் மழைக்குமான உடுப்பு என்று பெரும் பணம் வேண்டும். எல்லோருக்கும் எட்டக்கூடியது அல்ல. ஆனால் பணம் மட்டும் இருந்தால் அந்தத் திட்டில் நிற்க முடியாது. கோடீசுவரரும் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது.

நேயர்களில் சிலர், அலாஸ்காவுக்கோ கனடாவுக்கோ இல்லாவிட்டாலும், எங்காவது ஒரு காட்டுக்குக் கேமராவோடு போகலாம். அழைத்துப்போகிறவரிடம் என்ன விலங்கு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரை போடுவீர்களா என்று கேளுங்கள். விலங்கு விலகிப் போனால் துரத்துவீர்களா, விட்டுவிடுவீர்களா என்று கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.