நிறைந்திருந்த தண்ணீர்க் குப்பி



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நான் இதே காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், குழித்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். பட்டுநூல் எப்படி வருகிறது என்று எட்டு வயதில் அப்பாவிடம் கேட்டேன். கூட்டைக் கொதிநீரில் போடுவதையும், உள்ளே புழு இருப்பதையும் அவர் மறைக்கவில்லை. "ஆமாம்ப்பா, உசிரு போய்த்தான் இந்த நூல் வருது. அதனாலதான் ஒரு இழைகூட வீணாகக் கூடாதுங்கறேன்" என்றார். பிற்காலத்தில் மருந்தியல் ஆய்வுக்கு வந்து எலிகளைக் கையில் எடுத்தபோது எனக்குத் துணையிருந்தது அந்தப் பதில்தான்.

நம் ஊர்த் தறிக்கும் இந்த நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பெண்மணி நிற்கிறார். கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் அமைத்து, காஞ்சிப் பட்டின் பழைய கரைகளையும் வண்ணங்களையும் மீட்டெடுத்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதைக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் அந்தச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டம் விலங்குப் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. பரிசோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றது. சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று நாம் இத்தனை காலம் சொல்லிவந்த குழு அதன்படி அமைந்ததுதான். 1998-இல் வந்த விதிகளும் பின்வந்த திருத்தங்களும் ஆய்வு நிறுவனங்களைப் பதிவு செய்யச் சொல்லின. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு வேண்டும் என்றன. அதில் கால்நடை மருத்துவர் இருப்பார், வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி இருப்பார், அறிவியல் துறை சாராத ஒருவரும் இருப்பார். என் அனுபவத்தில் அந்தக் கடைசி ஆளின் கேள்விதான் கூர்மையானது. "இதுக்கு எதுக்கு நாற்பது எலி?" என்று அவர் கேட்கும்போது, பல சமயம் எங்களிடம் நேரான பதில் இருக்காது.

இனி, நான் எங்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இது நடந்த கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் இளம் ஆய்வாளன். பொங்கல் விடுமுறை முடிந்து விலங்கு இல்லத்துக்குள் நுழைந்தேன். ஒரு கூண்டில் ஆறு எலிகளும் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. மயிர் சிலிர்த்திருந்தது. கண்ணோரம் சிவப்பாகக் கசிந்திருந்தது. அது இரத்தமில்லை, துன்பத்தில் எலியின் கண் விடும் ஒரு நிறமி. முதுகுத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டேன். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. மேலே தண்ணீர்க் குப்பி நிறைந்திருந்தது. குழாயின் முனை அடைத்திருந்ததால் மூன்று நாளும் ஒரு சொட்டு இறங்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று நாளுக்கும் 'தண்ணீர் உண்டு' என்று குறியிட்டிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. குப்பி நிறைந்திருந்தது, அதனால் உண்டு என்று எழுதினார். முதல் நாள் நிறைத்த குப்பி மூன்றாம் நாளும் குறையாமல் இருந்தால் அதுதான் ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருக்க வேண்டியவன் நான். அது என் ஆய்வு, அவை என் எலிகள். இரண்டு செத்துப்போயின.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் என் கோப்பில் ஒழுங்காகத்தான் இருந்தன. மேற்பார்வை என்ற சொல்லில் 'பார்வை' இருக்கிறது. அன்று அந்த அறையில் இல்லாதது அது ஒன்றுதான்.

பார்வை உள்ளவர்களைக் காட்ட நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், அண்மைக்காலம்வரை நம் மாவட்டத்தில் இருந்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சு அங்கே எடுக்கப்படுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் இருக்கும். சில வாரங்கள் வைத்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். பானையைத் தூக்கிப் பார்த்தே பாம்பு சோர்ந்திருக்கிறதா என்று சொல்லக்கூடிய கைகளை நான் அங்கே கண்டிருக்கிறேன். இவர்களிடம் நம் ஆய்வு மாணவர்கள் ஒரு மாதம் பயிற்சி பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலங்கே தேவைப்படாத இடத்தில் அதைத் தேடக் கூடாது. சென்னை புளூ கிராஸ் அமைப்பு தவளையை அறுக்காமலே பாடம் கற்க 'கம்ப்யூஃப்ராக்' என்ற கணினி மென்பொருளை உருவாக்கியது. 2014-இல் விலங்கியல் வகுப்பில் அறுவைப் பாடத்தைக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. அதே ஆண்டு அழகுப்பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் தடுப்பூசிக்கும் புது மருந்துக்கும் இன்னும் விலங்குகள் வேண்டியிருக்கின்றன. அதை நான் மறுக்க மாட்டேன். என் பேத்திக்குப் போட்ட தடுப்பூசிக்குப் பின்னாலும் பல உயிர்கள் இருக்கின்றன.

பிள்ளைகளே, உங்களில் சிலர் மருந்து நிறுவனங்களுக்குப் போவீர்கள், சிலர் முனைவர் பட்டத்துக்குப் போவீர்கள். என்றாவது ஒருநாள் விலங்கு ஆய்வு அனுமதிப் படிவம் உங்கள் கையெழுத்துக்கு வரும். எண்ணிக்கையைக் கேளுங்கள். வலிநீக்க மருந்து என்ன என்று கேளுங்கள். ஆய்வு முடிந்தபின் அந்த உயிர் எங்கே போகும் என்று கேளுங்கள். கூண்டைக் கழுவித் தீனி போடும் பணியாளரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொல்வதை உங்கள் முடிவுகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கையெழுத்திட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமையோ தீபாவளியன்றோ சொல்லாமல் போய் அந்த அறைக் கதவைத் திறவுங்கள். குப்பியைத் தலைகீழாக்கி, முனையை விரலால் தொட்டு, தண்ணீர் வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.