நம்ம வீட்டுக் காய்தானே, கழுவணுமா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பத்மநாபபுரம், தக்கலை பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் விளை இருந்தால் போதும், ரெண்டு மூடு வழுதலை, வேலியில் பாகல், கிணற்றடியில் கீரை வந்துவிடும். குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்பது, "நம்ம வீட்டுக் காய்தானே, கழுவாட்டாலும் குத்தமில்லை" என்பதுதான். குத்தம் இருக்கு.

மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறுகிறதே ஆப்பிரிக்க நத்தை, அதன் உடம்பில் எலியிடமிருந்து வந்த ஒரு நுண்புழு இருக்கலாம். கீரையில் ஒட்டிய குட்டி நத்தை பச்சையாக வயிற்றுக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். வேகவைத்தால் புழு செத்துவிடும். பச்சையாகத் தின்னும் மல்லி இலை, வெள்ளரிக்காய்தான் கவனம். நத்தையை வெறுங்கையால் எடுக்காதீங்க. நனைந்த சாக்கில் பப்பாளி இலை போட்டு சாயங்காலம் வைத்தால் இரவில் வந்து கூடும். கையில் பை மாட்டி, பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். உப்பை மண்ணில் கொட்ட வேண்டாம், செடி போய்விடும்.

கீரையை வேரை வெட்டி, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். பலபேர் தண்ணீரோடு சேர்த்து வடிகட்டியில் கவிழ்க்கிறோம், அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். சானல் தண்ணீரில் குளியலும் துணி துவைப்பும் நடக்கிறது, அதனால் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில்தான். சோப்புப் போடவே கூடாது. பச்சைச் சாணியைக் கரைத்துக் கீரைமேல் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள், மக்கின எருதான் நல்லது.

மஞ்சள், உப்புத் தண்ணீரில் போட்டால் காய்க்குள் இருக்கும் புழு வெளியே வரும். விஷம் வராது. வாழைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கு என்று வெண்டைக்கும் பயறுக்கும் தெளிக்கிறோம் இல்லையா, அதில் சிலது செடியின் சாறோடு காய்க்குள்ளேயே ஏறிவிடும். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. பேச்சு வழக்கில் மருந்து என்கிறோம், அது விஷம். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் வைப்பதையும் சில வீடுகளில் பார்க்கிறோம். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளிக்கூட மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

அப்போ பூச்சிக்கு என்ன செய்ய? வழுதலையில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, அந்த நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். பாகல், புடலைப் பிஞ்சுக்குக் காகித உறை கட்டினால் பழ ஈ முட்டையிட முடியாது. அழுகி விழுந்த காயைச் செடிக்கு அடியிலேயே விடக்கூடாது, அந்தப் புழுதான் மண்ணுக்குள் போய் அடுத்த ஈயாக வரும். பயறில் அசுவினி அப்பினால் காலைப் பனியோடு அடுப்புச் சாம்பல் தூவலாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள். சோப்பு செடிக்குத்தான், அதனால் பறித்த காயைக் கழுவாமல் சட்டியில் போடாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஊக்குநர்கள் ஆளுக்கு ஒரு படி வேப்பங்கொட்டை கொண்டு வாருங்கள். சேர்ந்தே இடித்துக் கரைத்துப் பார்ப்போம்.