சைக்கிள் வாங்குமுன் சுமையை நினையுங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒரு விவசாயி பேசியது)



உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். சைக்கிள் வாங்கும்போது மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். இது சரிதானா?

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் என் மகன், "அப்பா, கியர் வண்டிதான் வேணும். உங்க கறுப்பு சைக்கிள்ல போனா பசங்க சிரிக்கிறாங்க" என்று பிடிவாதம் பிடித்தான். காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகவும் ஆகுமே என்று, கடலை விற்ற பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு வண்டி. தடித்த டயர். ஆனால் கேரியர் கிடையாது. பால் கேனை ஹேண்டில் பாரில் மாட்டி, ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, படலைத் திறக்கப் போயிருக்கிறான். வண்டி சாய்ந்தது. எட்டு லிட்டர் பாலும் மண்ணில் போயிற்று.

விழுந்த வேகத்தில் பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற பாகம் வளைந்துவிட்டது. ஊர் சைக்கிள் கடைக்காரர், "இதுக்குச் சாமான் எங்கிட்ட இல்லண்ணே, டவுனுக்குத்தான் போகணும்" என்று கையை விரித்தார். பத்து நாள் வண்டி திண்ணையில் கிடந்தது. அந்தப் பத்து நாளும் பால் சுமந்தது என் அப்பா வைத்திருந்த பழைய சைக்கிள்தான்.

அந்தப் பழைய வண்டியைச் சற்றுக் கவனியுங்கள். 28 அங்குலச் சக்கரம். முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. ஏன் இந்த வித்தியாசம்? ஆள் கனமும் கேரியர் சுமையும் பெரும்பாலும் பின்னால்தான் இறங்குகிறது. இரட்டைக்கால் ஸ்டாண்டு பின்சக்கரத்தையே தூக்கி நிறுத்துவதால், புல்லுக்கட்டு ஏற்றும்போது வண்டி எளிதில் சாயாது. செயினுக்கு மூடி இருப்பதால் சேறு அதிகம் ஏறாது, வேட்டி சிக்காது. வால்டியூப் போனாலும் பிரேக் கட்டை தேய்ந்தாலும் உள்ளூரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஏராளமான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் சிலர் லேடீஸ் சைக்கிளைவிட, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே விரும்பினார்கள். காரணம் என்ன தெரியுமா? அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகலாம்! தங்கள் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தார்கள்.

பழைய வண்டியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கனம் அதிகம். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே பிரேக் கட்டையைப் பார்த்துவிட வேண்டும். மேடும் பள்ளமுமான மலைப்பாதையில் போகிறவர்களுக்குக் கியர் நிச்சயம் உதவும். சமவெளியில் தினமும் பாலும் புல்லும் சுமக்கிற நமக்கு, கியரைவிடக் கேரியர்தான் முக்கியம்.

வாங்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், உள்ளூர் சைக்கிள் கடைக்காரரிடம் "இதுக்குச் சாமான் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அடுத்து, சீட்டில் உட்கார்ந்தபடி கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, கேரியரும் இரட்டைக்கால் ஸ்டாண்டும் உறுதியாக இருக்கின்றனவா என்று ஆட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கியர் வண்டி வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பொருந்துகிற கேரியரும் மட்கார்டும் கிடைத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஹேண்டில் பாரில் மட்டும் சுமையைத் தொங்கவிடாதீர்கள்.

என் மகன் இப்போது சிவப்பு வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் விடிகாலையில் பால் கேனைத் தூக்கினால், யாரும் சொல்லாமலே தாத்தா சைக்கிளைத்தான் எடுக்கிறான்.